எந்தக் கிடங்கும் ஏற்காத பீரோ

1. ரிட்டர்ன்

அந்தப் பச்சை பீரோ இரண்டாவது முறையாக லாரியிலிருந்து இறங்கியபோது டிரைவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சாதாரணமாக என்னைப் பார்த்தால் எல்லோரும் சிரிப்பார்கள். எண்பதுகளில் என் தலைமுடி அப்படி. காதை மூடி, பிடரியில் சுருண்டு, காக்கை கட்டிப் பாதியில் விட்ட கூடு மாதிரி இருக்கும். அதற்கு ஸ்டெப் கட்டிங் என்று பெயர். காசு கொடுத்து வெட்டிக்கொண்டது.

"முகையூர்ல வேணாம்னுட்டாங்க சார். கையெழுத்துப் போடுங்க, ஜல்தியா போவணும்."

"ஏன் வேணாமாம்?"

"அத அதுகிட்டியே கேளுங்க" என்று பீரோவைக் காட்டிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்.

நான் செய்த வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைய பிள்ளைகள் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டிச் செய்கிற வேலை அது. எங்களுடையது ஸ்டீல் பீரோ கம்பெனி. ஃபேக்டரி மெட்ராஸில். மத்திய கிடங்கு விழுப்புரத்தில், ஜங்ஷனிலிருந்து நடக்கிற தூரம். அங்கே வந்து குவிகிற பீரோக்களைத் திண்டிவனம், முகையூர், பண்ருட்டி டெப்போக்களுக்குப் பிரித்து அனுப்ப வேண்டும். இதற்கு அலாட்மென்ட் என்று பெயர். அலாட்மென்ட் அசிஸ்டென்ட் ஏகாம்பரம் என்றால் நான்தான். இன்னும் நிரந்தரம் ஆகாத, புரொபேஷன் ஏகாம்பரம்.

பீரோ விற்பது கல்யாணத்தை வைத்துத்தான். பெண்ணுக்குச் சீர் கொடுக்கும்போது கட்டில், பாத்திரம் எல்லாவற்றுக்கும் முன்னால் பீரோ போகும். அதனால் கல்யாண மண்டபத்து ஆட்கள் எல்லோரையும் சிநேகம் பிடித்து வைத்திருந்தேன். எந்த ஊரில் எத்தனை முகூர்த்தம் புக் ஆகியிருக்கிறது என்று கேட்டு, அதன்படி அலாட்மென்ட் போடுவேன். ஊருக்கு ஊர் ருசி வேறு. பண்ருட்டிப் பக்கம் க்ரீம் கலர் கேட்பார்கள். முகையூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, நன்றாக விளைந்தால் கண்ணாடி வைத்தது, விளையாவிட்டால் வைக்காதது. திண்டிவனத்தில் எப்போதும் பச்சை, எப்போதும் ஆளுயரக் கண்ணாடி. ஆடி மாதத்தில் ஒன்றும் நகராது. நாங்கள் பீரோக்களுக்கு நடுவே தாயம் ஆடுவோம்.

சீர் பீரோவை வண்டியில் ஏற்றுவதற்கு முன் கதவின் மேல் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார்கள். எங்கள் கிடங்கில் எல்லோரும் பயப்படுவது அந்தப் பொட்டுக்குத்தான். புது பீரோவில் பொட்டு இருக்காது. பொட்டு இருந்தால், அல்லது துடைத்த கறை இருந்தால், அது ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் அங்கிருந்து திரும்பி வந்த பீரோ. ஏன் திரும்பி வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். வாங்கவும் மாட்டார்கள்.

இந்தப் பச்சை பீரோவின் நெற்றியில் அப்படி ஒரு கறை இருந்தது. எங்கள் மேஸ்திரியின் பெயர் பாவாடை. அவர் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கறை போனது. மறுநாள் பார்த்தால் லேசாகத் திரும்பியிருந்தது, நன்றாகக் கழுவிய நெற்றியில் நேற்றைய பொட்டு தெரிகிற மாதிரி.

மேனேஜருக்கு இந்தக் கதையெல்லாம் ஆகாது.

"யோவ் ஏகாம்பரம், திங்கக்கெழம மெட்ராஸ்லேர்ந்து ஆடிட் வருது. செண்ட்ரல் கோடவுன்ல ஒரு பழைய ஸ்டாக் இருக்கக் கூடாது. எல்லாம் டெப்போவுக்குப் போயிருக்கணும், டெப்போக்காரன் ரிசீவ்டுன்னு கையெழுத்துப் போட்டிருக்கணும். அந்தப் பச்ச பீரோ இங்க இருந்துச்சுன்னா நீ இங்க இருக்க மாட்ட. புரியுதா?"

"புரியுது சார்."

"மொதல்ல போய் முடிய வெட்டு."

இரண்டு உத்தரவுகளில் எது கஷ்டம் என்று அப்போது என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

2. கண்ணாடி சுடுகிறது

டெப்போவுக்குப் போகும் கண்ணாடி பீரோக்களில் கண்ணாடியின் மேல் செய்தித்தாளை மைதாப் பசை போட்டு ஒட்டி அனுப்புவோம். வாங்குகிறவர் வீட்டில்தான் கிழிப்பார்கள். பச்சை பீரோவுக்கும் பாவாடை புதுத் தாள் ஒட்டினார். காலையில் ஒட்டுவார், மதியம் பார்த்தால் தாள் முறுக்கிக்கொண்டு கீழே கிடக்கும்.

"பசை சரியில்லையா மேஸ்திரி?"

"பசைக்கு இன்னா கேடு? நீங்களே கைய வச்சிப் பாருங்க சார்."

வைத்தேன். கண்ணாடி சுட்டது. வெயிலில் நிறுத்திய சைக்கிள் சீட் மாதிரிச் சுட்டது. பீரோ நின்றதோ கிடங்கின் நடுவில், பத்து வரிசைக்கு உள்ளே. அங்கே பகலிலேயே பல்பு போட்டால்தான் ஆள் தெரியும்.

பாவாடை சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எல்லோரும் போனார்கள். நான் மட்டும் நின்றேன். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆளுயரக் கண்ணாடி, பக்கத்தில் யாரும் இல்லை, பையில் சீப்பு இருக்கிறது. தலை வாரத்தான் நின்றேன்.

வாரிக்கொண்டே பார்த்தேன். கண்ணாடியில் எனக்குப் பின்னால் ஒரு கதவு திறந்திருந்தது. மரக்கதவு. அதற்கு வெளியே சுள்ளென்று வெயில். வெயிலில் ஒரு முருங்கை மரம், அதனடியில் துவைக்கிற கல்.

திரும்பினேன். பின்னால் பீரோக்கள், அவற்றுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் சுவர். அந்தச் சுவரில் கதவே கிடையாது.

மறுபடி கண்ணாடியைப் பார்த்தேன். கதவு அப்படியே இருந்தது. முருங்கை இலைகள் ஆடின. கிடங்குக்குள் பொட்டுக் காற்று இல்லை.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. டீக்கடையில் போய் நின்றபோது என் பயம் எனக்கு முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. சீப்பு எங்கோ விழுந்துவிட்டது. பாவாடை என் முகத்தைப் பார்த்தார்.

"பாத்துட்டீங்களா?"

"இன்னாத்த? நான் ஒண்ணும் பாக்கல."

"அப்ப சரி. நானும் ஒண்ணும் பாக்கல" என்றார்.

யாரிடமும் சொல்லவில்லை. புரொபேஷனில் இருக்கிறவன் கண்ணாடியில் முருங்கை மரம் பார்த்தேன் என்றா சொல்ல முடியும்? மறுநாள் காலையிலேயே பச்சை பீரோவைத் திண்டிவனம் லோடில் ஏற்றினேன். பச்சை, கண்ணாடி, திண்டிவனம். அலாட்மென்ட் விதிப்படி அப்பழுக்கில்லாத முடிவு.

3. திண்டிவனம்

அடுத்த நாள் திண்டிவனத்திலிருந்து போன் வந்தது. அந்த டெப்போவுக்கு இன்சார்ஜ் தணிகாசலம். ரிடையராகப் போகிற வயது. எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர், தன் டெப்போ கூரை புயலில் பறந்ததையே போஸ்ட் கார்டில் எழுதித் தெரிவித்தவர். அவரே போன் செய்கிறார்.

"தம்பி, அந்தப் பீரோவ எடுத்துக்கினு போய்டுப்பா. லோடுமேனுங்க ஒருத்தனும் உள்ள போவ மாட்டேங்கிறான்."

"ஏன்ணே? கறைய பாத்துட்டாங்களா?"

"கறையா? கறை கிடக்குது. முருங்க மரம் தெரியுதுய்யா அதுல."

நான் முருங்கை மரம் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை.

பஸ் பிடித்து ஓடினேன். திண்டிவனம் டெப்போ ஒரு பழைய மல்லாட்டை மில். போய்ச் சேர்ந்தபோது சரியான உச்சி வெயில். லோடுமேன்கள் நிழலான கிடங்கை விட்டுவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ரோட்டோரம் வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும்தான் விஷயம் முற்றிவிட்டது என்று புரிந்தது.

"வாங்க சார், முருங்கக்கா கொழம்பு, துன்றீங்களா?" என்றான் ஒருத்தன். யாரும் சிரிக்கவில்லை. சொன்னவனும் சிரிக்கவில்லை.

தணிகாசலமும் நானும் உள்ளே போனோம். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். வயதானவர், தடுக்கி விழாமல் இருக்கப் பிடிக்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, நான் ஓடிவிடாமல் இருக்கப் பிடித்திருக்கிறார்.

கண்ணாடியில் நாங்கள் இருவரும் நின்றோம். எங்களுக்குப் பின்னால் அதே கதவு, அதே மரம், அதே கல். இந்த முறை கல்லின் மேல் ஒரு சொம்பு இருந்தது.

"நேத்து சொம்பு இல்ல" என்றார் தணிகாசலம், மெதுவாக.

"அண்ணே, ரிசீவ்டுன்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க. ஆடிட் முடிஞ்சதும் நானே வந்து எடுத்துக்கினு போறேன். என் வேலயே இதுல தொங்குது."

"உன் வேல இருக்கட்டும். என் லோடுமேன் வெளிய குந்திக்கினு கிறான், தெரியுதா? சரக்கு எறக்க ஆளில்ல. நாளைக்கு சாயங்காலம் வண்டி விழுப்புரம் திரும்புது. அதுக்குள்ள இத சரி பண்ணு, கையெழுத்துப் போடுறேன். இல்லன்னா ஏத்தி உட்டுடுவேன். பேஜாரு புடிச்ச சரக்கு."

விழுப்புரத்துக்குத் திரும்பி வந்து, பாவாடையைத் தனியாக ஓரம் கட்டி, இது முதன்முதலில் எந்த வீட்டுக்குப் போனது என்று கேட்டேன். இறக்கியவரே அவர்தான்.

"வளவனூரு சார். கரும்பு வெள்ளாம பச்சையப்பன் வூடு. கல்யாணம் நின்னுபூட்ச்சி. அந்த வழியா இப்ப நான் போறதே இல்ல."

4. வளவனூர்

மறுநாள் மதியம் வளவனூரில் அந்த வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பச்சையப்பன் நாற்காலியில் இருந்தார். பெரிய மீசை, சுருங்கிப்போன முகம். பீரோ கம்பெனி என்றதும் எழுந்துவிட்டார்.

"அதான் திருப்பிக் குடுத்தாச்சே. இன்னும் இன்னா வேணும் உங்களுக்கு?"

வாசலில் நின்று பார்த்தால் நடு வீடு, அதைத் தாண்டிக் கொல்லைக் கதவு. கதவு அகலத் திறந்திருந்தது. வெளியே வெயிலில் முருங்கை மரம், துவைக்கிற கல். கல்லின் மேல் சொம்பு.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மிஷின் நின்றது. ஒரு பெண் வந்து எட்டிப் பார்த்தாள். கழுத்தில் டேப், வாயோரம் ஒரு நூல். பூங்காவனம். அவளுக்காகத்தான் அந்தப் பீரோ வாங்கப்பட்டது. என்னைப் பார்த்தாள், என் கண் போகிற இடத்தைப் பார்த்தாள்.

"கதவு தெரியுதா அதுல?" என்று கேட்டாள்.

பச்சையப்பனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. தலையை ஆட்டினேன்.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"எங்க வூட்ல ஒரு நாள் இருந்துச்சே. நான்தான மொதல்ல பாத்தேன்." நூலை எடுத்துவிட்டுச் சொன்னாள். "சீர் அடுக்கி வச்சிருந்தோம். பீரோவ இங்க, கொல்லிய பாத்தாப்ல நிறுத்தியிருந்தாங்க. மாப்பிள வூட்டுக்காரங்க எல்லாம் வந்து சாப்பிட்டாங்க. அவரு கை கழுவிக்கினு வரேன்னு சொம்ப எடுத்துக்கினு கொல்லிப் பக்கம் போனாரு. அவ்ளோதான். வேலி தாண்டிப் போய்ட்டாரு. நான் கண்ணாடியிலதான் பாத்துக்கினு இருந்தேன், நேராப் பாக்க வெக்கமா இருந்துச்சு. போனது தெரிஞ்சுது. வந்தது தெரியல."

"வாய மூடு" என்றார் பச்சையப்பன். குரலில் அதட்டல் இல்லை.

"அன்னிக்கி தொறந்த கதவு சார். எங்கப்பா சாத்த உடல. சாத்தினா கல்யாணம் நின்னு போச்சுன்னு ஊருக்கு நாமளே சொன்னா மாதிரி ஆயிடுமாம். வருவான், வருவான்னு சொல்லிக்கினே இருக்காரு. ராத்திரி நாய் வருது, மழை பெஞ்சா தண்ணி வருது. அவரு மட்டும் வரல."

நான் முகையூரையும் திண்டிவனத்தையும் சொன்னேன். சுடுகிற கண்ணாடியைச் சொன்னேன். வெயிலில் உட்கார்ந்து சாப்பிடும் லோடுமேன்களைச் சொன்னேன். கல்லின் மேலிருந்த சொம்பைச் சொன்னபோது பச்சையப்பன் திரும்பிக் கொல்லையைப் பார்த்தார்.

"அந்தச் சொம்பு முந்தாநேத்துதான் வேலியோரம் கெடச்சுது" என்றார். "நான்தான் கழுவி வச்சேன்."

பூங்காவனத்தின் பக்கம் திரும்பினேன். அழுகிறாள் என்று நினைத்தேன். கோபத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டியாப்பா? ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு தொறந்து வச்சியே. இப்ப திண்டிவனத்துல லோடுமேன்லாம் சோறு துன்னுக்கினே நம்ம கொல்லிய பாக்குறாங்களாம். இன்னும் எத்தினி ஊருக்கு என்னியக் காட்டணும்?"

சொல்லிவிட்டுக் கொல்லைக் கதவுக்குப் போனாள். மழையில் ஊறி உப்பிய கதவு, நகரவில்லை. நான் உதவிக்கு எழுந்தேன்.

"நீங்க குந்துங்க சார். மூஞ்ச பாத்தா நீங்க வுழுந்துடுவீங்க போலக்குது."

தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கதவு முனகிக்கொண்டே வந்தது. கடைசியில் கையை நீட்டி இழுத்து, தாழ்ப்பாளைப் போட்டாள். வீடு திடீரென்று இருண்டது. பச்சையப்பன் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் மிஷினில் போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தாள்.

5. கையெழுத்து

சாயங்காலம் திண்டிவனம் போனேன். போகும் வழியெல்லாம் நான் என்னைத் திட்டிக்கொண்டே போனேன். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள் என்று தணிகாசலத்திடம் சொல்லி ரிசீவ்டு கையெழுத்து வாங்கப் போகிற ஒரே அலாட்மென்ட் அசிஸ்டென்ட் நான்தான் என்று.

லோடுமேன்கள் உள்ளே இருந்தார்கள். சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. தணிகாசலம் என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் டிரான்ஸ்ஃபர் நோட்டை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"என்னண்ணே ஆச்சு?"

"மதியம் நாலு பேரு சேந்து உள்ள போனோம், ஏத்திடலாம்னு. எல்லாரும் பாத்துக்கினே இருக்கோம். கதவு மூடுது தம்பி. கொஞ்சம் கொஞ்சமா. கடைசியில ஒரு கை வந்துச்சு. வளையல் போட்ட கை. இழுத்து சாத்திச்சு." நோட்டை என்னிடம் நீட்டினார். "தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டுச்சுய்யா. கண்ணாடிக்குள்ளேர்ந்து."

தொட்டுப் பார்த்தேன். கண்ணாடி சில்லென்று இருந்தது. அதில் நான் தெரிந்தேன், என் முடி தெரிந்தது, பின்னால் மில் சுவர் தெரிந்தது. அன்று திண்டிவனத்திலேயே முடி வெட்டிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

ஆடிட் ஒழுங்காக முடிந்தது. வேலை நிரந்தரமானது. அதற்குப் பிறகு ரிடையராகும் வரை எத்தனையோ சரக்கு பிரித்து அனுப்பினேன். பிற்பாடு என்னிடம் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஒன்றைத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு சரக்கு திரும்பி வந்தால் அடுத்து எந்த டெப்போவுக்குத் தள்ளலாம் என்று உட்கார்ந்த இடத்தில் கணக்குப் போடாதே. எங்கிருந்து வந்ததோ அங்கே ஒரு தடவை போய் நின்று பார்த்துவிட்டு வா. பாதி நேரம் கோளாறு சரக்கில் இருக்காது, அது விட்டுவிட்டு வந்த இடத்தில் இருக்கும்.

பச்சை பீரோவைத் திண்டிவனத்திலும் யாரும் வாங்கவில்லை. கறை அப்படியே இருந்தது. கடைசியில் ஸ்டாஃப் டிஸ்கவுண்டில் ஒருத்தன் வாங்கினான். ஏமாளி யார் என்று கேட்க வேண்டாம். வளவனூருக்கு எந்தச் சாக்கில் மறுபடி மறுபடி போனேன் என்றும் கேட்க வேண்டாம். அந்த வருஷம் நான் தைத்துக்கொண்ட சட்டைகளை இன்னும் போட்டு முடிக்கவில்லை. எங்கள் கல்யாணத்தன்று சாப்பிட்டுவிட்டு நான் கை கழுவப் போனபோது, பச்சையப்பன் கண்ணைக் காட்ட, கூடவே நாலு பேர் வந்தார்கள்.

பீரோ இப்போது எங்கள் வீட்டு அறையில் நிற்கிறது. பெரும்பாலும் வெறும் கண்ணாடிதான். நல்ல கோடையில், ஊரே அடங்கிக் கிடக்கும் மதியத்தில் மட்டும் சில நாள் அந்த மரக்கதவு அதில் தெரியும். சாத்தித்தான் இருக்கும். ஆனால் லேசாக அதிரும், வெளியே நின்று யாரோ தட்டுகிற மாதிரி.

பூங்காவனம் அதன் முன் நின்று தலை வாரிக்கொண்டிருப்பாள். பார்த்தும் பார்க்காத மாதிரி வகிடு எடுப்பாள்.

"தட்டட்டும்" என்பாள்.

நான் மட்டும் எழுந்து போய் எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவில் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன்.